விலகல் இல்லாத கடை

இது எந்த வருடம் தொடங்கியது என்பதில் எனக்கு உறுதியில்லை. பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிய அன்று மழை பெய்ததாக நினைவு. ஆனால் தைவானின் வடமுனையில் இருக்கும் எங்கள் துறைமுகத்தில், மழை பெய்தது என்பது எதற்கும் சாட்சியாகாது. அன்று வியாழக்கிழமை என்கிறது நிலையத்தின் அறிக்கை. செவ்வாய் என்றாள் சியூலுவான். அறிக்கையில் மணி, நிமிடம், நொடி எல்லாம் இருக்கின்றன. சியூலுவானிடம் இருந்தது, அன்று முள்ளங்கி கேக் அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது என்ற ஞாபகம் மட்டும். வியாழன் என்றே வைத்துக்கொள்வோம்.

அவளுடைய காலை உணவுக் கடை மாநகராட்சிச் சந்தைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மீன் கடைகளுக்குப் பின்னால் இருந்தது. ஆறு மேசை, ஒரு நீளமான இரும்புக் கல், ஐந்து அண்டா சோயா பால். அவள் கணவன் பிங்ஹுவாங் கல்லடியில் நின்று முட்டை அடை சுடுவான். சியூலுவான் பரிமாறுவாள், பேசுவாள். பிங்ஹுவாங் பேசமாட்டான். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் அவன் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குக் காணாது என்பாள்.

உள்ளே நுழைகிற ஆண் யாராக இருந்தாலும் அவளுக்கு 'அழகா', பெண் யாராக இருந்தாலும் 'அழகி'. காலை உணவுக் கடைக்காரி அப்படித்தான் கூப்பிடுவாள். கூப்பிடாவிட்டால் வந்தவர்கள் தங்கள்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். எழுபத்தொன்பது வயது தோங்கும் அழகன்தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். தினமும் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்து, கல்லுக்கு அடுத்த மேசையில் உட்காருவார். சாறு ஊற்றாத முள்ளங்கி கேக் ஒரு துண்டு, சர்க்கரை போடாத சோயா பால் ஒரு கிண்ணம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிடுவார். அதன்பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரும் பிங்ஹுவாங்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அடை சுடும் சத்தமும் வெளியே மழைச் சத்தமும் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் போனபிறகுதான் இருவருக்கும் பொழுது விடிந்ததுபோல இருக்கும்.

அந்த வருடம் மாநகராட்சி, 'சிறுகடை முன்னேற்றக் கணிப்பு நிலையம்' என்று ஒன்றைத் திறந்தது. சந்தைக் கடைகளின் அனுமதி டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. நிலையத்தில் சேர்ந்து, இணக்க மதிப்பெண் தொண்ணூற்றைந்துக்குமேல் வாங்கும் கடைக்குத்தான் புதுப்பிக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. சியூலுவானுக்கு வேறு கடை இல்லை, வேறு வேலையும் தெரியாது. கையெழுத்துப் போட்டாள்.

இயக்குநர் ஷாவ் நேரில் வந்தார். ஒல்லியான மனிதர். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். கூடவே பெய்ஷான் என்ற இளம் அலுவலர் வந்திருந்தாள். கல்லுக்கு நேர் மேலே சுவரில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டினார்கள். அதற்கு ஒரு கண்ணும் இரண்டு காதும் இருந்தன. எத்தனை பேர் வருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எல்லாவற்றையும் அது எண்ணும்.

மாட்டி முடித்ததும் ஷாவ் தன் பையிலிருந்து பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பெட்டியின் தலைமேல் வைத்துத் தலைகுனிந்தார். எல்லாரும் தலைகுனிந்தார்கள். எங்கள் ஊரில் எந்த இயந்திரமானாலும் அதன்மேல் அந்தப் பொரிப் பொட்டலத்தை வைத்தால்தான் சமர்த்தாக இருக்கும். பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சள் ஆகாது. காலாவதி ஆகியிருக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் பிரித்துத் தின்றுவிடக் கூடாது. இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. அன்று யாரும் சிரிக்கவும் இல்லை.

முதல் மாதம் நல்லதுதான் நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தினமும் இரண்டு அண்டா சோயா பால் மிஞ்சிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று அண்டா போதும் என்றது பெட்டி. மூன்று அண்டா காய்ச்சினாள். கடைசிக் கிண்ணம் கடைசி ஆளோடு தீர்ந்தது. காற்று வடக்கிலிருந்து வீசுகிற நாளில் முள்ளங்கி கேக் கூடுதலாகப் போகும் என்றது. போனது. முப்பத்தொரு வருடம் இதே வேலையைச் செய்தும் தனக்குத் தெரியாமல் போனதே என்று சியூலுவான் வெட்கப்பட்டாள். பெட்டியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து வைத்தாள்.

இரண்டாம் மாதம், மீளாய்வுக் கூட்டத்துக்கு வரச்சொன்னார்கள். நீளமான மேசை. பெய்ஷான் அறிக்கையைப் படித்தாள்.

"ஜூலை மாசத்துல நீங்க நாலாயிரத்து நூத்திப் பதினாறு தடவை ஆளுங்கள அழகா, அழகின்னு கூப்பிட்டிருக்கீங்க. பெட்டியோட கணக்குப்படி அந்தச் சொல்லுக்குத் தகுதியானவங்க முப்பத்தெட்டு பேர்."

சியூலுவான் கையைப் பிசைந்தாள். "அது சும்மா ஒரு பேச்சுக்குக் கூப்பிடுறதும்மா."

ஷாவ் கண்ணாடியைத் துடைத்தார். "மத்தவங்க அழகா இல்லைன்னு நாங்க சொல்லல, முதலாளியம்மா. அப்படிச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆதாரம் இல்லைன்னுதான் சொல்றோம். ஆதாரம் இல்லாத அன்பு ஒரு கடைய எங்க கொண்டுபோய் விடும்னு யோசிங்க. நானே என் வீட்டுல ஒம்பது வருஷமா ஆதாரம் இல்லாம ஒரு வார்த்தை பேசினதில்ல. வீடு எவ்வளவு அமைதியா இருக்குது தெரியுமா?"

அன்றிலிருந்து, தகுதியுள்ளவர் நுழைந்தால் பெட்டியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். மற்றவர்களை 'வாடிக்கையாளரே' என்று கூப்பிட வேண்டும். மறுநாள் ஆறு பத்துக்குத் தோங் வந்தார். விளக்கு எரியவில்லை.

"வாங்க, வாடிக்கையாளரே," என்றாள் சியூலுவான்.

தோங் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "நான் என்ன தப்புப் பண்ணினேன் முதலாளியம்மா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

இலையுதிர்கால நிலா விழாவுக்குப் பிறகு பெட்டி அடுத்த கட்டத்துக்குப் போனது. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கியது. முதலில் அது உதவியாகத்தான் இருந்தது. பிறகு, சொன்ன எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'விலகல்' என்று பெயர் வைத்தார்கள். விலகல் இருந்தால் மதிப்பெண் குறையும். விளக்கப் படிவம் எழுதித் தர வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று சொன்ன ஒரு நாளில் இருநூற்று ஒன்பது பேர்தான் வந்தார்கள். மூன்று பேர் ஏன் வரவில்லை என்ற கட்டத்தில் சியூலுவான் 'மழை' என்று எழுதினாள். மழையும் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது என்று படிவம் திரும்பி வந்தது. 'தெரியவில்லை' என்று எழுதினாள். அங்கீகரிக்கப்பட்ட பதினான்கு காரணங்களில் 'தெரியவில்லை' இல்லை என்று மறுபடியும் வந்தது. கடைசியில் ஒன்பதாவது காரணமான 'உரிமையாளரின் மனநிலை' என்பதில் குறி போட்டாள். அதை யாரும் வந்து சோதிக்க முடியாது என்று நினைத்தாள். மறுநாள் ஒருவர் வந்து, இருபது நிமிடம் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப்பின் அவளே சமாளிக்கக் கற்றுக்கொண்டாள். எண்ணுக்குமேல் ஆள் வந்தால் வாசலிலேயே மறித்தாள்.

"இன்னைக்கு நீங்க இல்ல, வாடிக்கையாளரே. நாளைக்கு வாங்க."

"நான் இல்லையா? அப்ப இங்க நிக்கிறது யாரு?"

"நின்னுக்குங்க. உள்ள மட்டும் வராதீங்க."

ஆள் குறைந்தால், பிங்ஹுவாங் பின்வாசல் வழியாகப் போய், ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, தானே சுட்ட அடையைத் தானே தின்பான். ஒரு வியாழக்கிழமை அப்படிச் செய்தான். அடுத்த வியாழன் அவசியப்படவில்லை; ஆனால் பெட்டி அதற்குள் அந்தத் தொப்பிக்காரனுக்கு அறுபத்து நான்காம் எண் கொடுத்து, வியாழன்தோறும் வருவான் என்று கணித்துவிட்டது. அப்புறம் வியாழன்தோறும் வந்தான். தோங்குக்கு எதிர் நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்து தின்பான். தோங் சாற்றுக் குப்பியை அவன் பக்கம் நகர்த்தி வைப்பார்.

அக்டோபர் கடைசியில் பெய்ஷான் வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே, இன்னும் எவ்வளவு காலம் வருவார் என்று ஒரு தேதி இருந்தது. பெரும்பாலும் இரண்டு வருடம், மூன்று வருடம். பதினேழாம் எண்ணுக்கு நேரே நவம்பர் ஒன்பது என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'இயல்பான முடிவு'.

பதினேழாம் எண், தோங்.

சியூலுவான் தாளை மேசைமேல் வைத்தாள். "செத்துப்போயிடுவாரா?"

"அப்படிப் போடலையே," என்றாள் பெய்ஷான். குரல் தாழ்ந்திருந்தது. "வரமாட்டார்னுதான் போட்டிருக்கு. அவரோட இருமல், நடை, கிண்ணத்தத் தூக்குற வேகம், எல்லாத்தையும் அது பாக்குதும்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"அவர் நம்ம திட்டத்துல உறுப்பினர் இல்லையே. அவருக்குச் சொல்ல வழி இல்ல."

நவம்பர் ஒன்பது வந்தது. தோங் ஆறு பத்துக்கு வந்தார், சாப்பிட்டார், உட்கார்ந்திருந்தார், போனார். அன்று பூராவும் சியூலுவான் மூன்று தட்டைக் கை நழுவவிட்டாள். பத்தாம் தேதி ஆறு மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு பத்துக்குக் குடையை உதறிக்கொண்டு தோங் உள்ளே நுழைந்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதே நொடியில் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

பன்னிரண்டாம் தேதி ஷாவ் வந்தார். மதிப்பெண் தொண்ணூற்று நான்கு புள்ளி ஒன்பதில் நிற்கிறது என்றார். பதினேழாம் எண் வருகிற ஒவ்வொரு நாளும் அது இன்னும் குறையும்.

"அவர் உயிரோட இருக்கார் சார். நான் என்ன பண்றது?"

"நாங்க யாருக்கும் கெட்டது நினைக்கல. பதினேழாம் எண் நூறு வயசு வாழட்டும், நானே வந்து வாழ்த்துறேன். இங்க வந்து வாழ வேணாம்னுதான் சொல்றோம்." கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு கடை நல்லா ஓடுதா இல்லையாங்கிறது அந்தக் கடையோட சொந்த விஷயம். நாங்க சொன்னபடி ஓடுதாங்கிறதுதான் பொதுமக்கள் விஷயம். உங்களுக்கு அனுமதி வேணும். அவருக்கு ஒரு துண்டு முள்ளங்கி கேக் வேணும். அது எங்க வேணாலும் கிடைக்கும்."

மறுநாள் தோங் சாப்பிட்டு முடிக்கும்வரை சியூலுவான் காத்திருந்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த மேசையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேலே பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது.

"அழகா," என்றாள்.

தோங் நிமிர்ந்தார். "மறுபடியும் அழகாயிட்டேனா? அப்ப விஷயம் பெருசுதான்."

அவள் சொன்னாள். தலைகுனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, தேதி, தொண்ணூற்று நான்கு புள்ளி ஒன்பது, அனுமதி. தோங் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஆக, நான் செத்திருக்கணும். மறந்துட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வயசாச்சுல்ல. இப்பல்லாம் எல்லாம் மறந்துபோகுது." சிரிக்கப் பார்த்து இருமினார். பெட்டி ஒரு தடவை கண் சிமிட்டியது. "எத்தனை நாளைக்கு வரக்கூடாது?"

"அனுமதி வர்ற வரைக்கும். டிசம்பர் கடைசி."

அவர் கல்லின் பக்கம் பார்த்தார். பிங்ஹுவாங் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கல்லில் அடை கருகிக்கொண்டிருந்தது; அவன் திருப்பவில்லை. தோங் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் ஆறு பத்துக்குச் சிவப்பு விளக்கு எரியவில்லை. சியூலுவான் வெளியே எட்டிப் பார்த்தாள். எதிரே சந்தை நடையின் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், பெட்டியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், தோங் குடையோடு நின்றிருந்தார். பிங்ஹுவாங் அடுப்பை அணைத்தான். ஒரு கிண்ணம் சோயா பாலை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்கள். உள்ளே பன்னிரண்டு பேர் அடைக்காகக் காத்திருந்தார்கள். 'பணியாள் எண் இரண்டு, காரணமின்றிப் பணியிடத்தில் இல்லை' என்று பெட்டியில் பதிவானது.

நான்காம் நாள் தூணடியிலிருந்து திரும்பிய பிங்ஹுவாங், பெட்டியைத் துடைக்கப் பச்சைப் பொட்டலத்தைத் தூக்கினான். தூக்கியவன் கீழே வைக்கவில்லை.

"செப்டம்பர் முப்பது," என்றான்.

சியூலுவான் ஓடிவந்து பார்த்தாள். பொட்டலம் காலாவதியாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் விளங்கிவிட்டது. காலாவதியான பொரியை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டி ஒழுங்காகக் கணிக்கும்? தோங்குக்கு ஒன்றுமில்லை. தேதி பொரியினுடையது.

நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். பிற்பகலே ஏழு பேர் கொண்ட குழு வந்தது. ஷாவின் முகம் வெளுத்திருந்தது. பொட்டலத்தைக் கையுறை போட்டு எடுத்து உறையில் வைத்து முத்திரையிட்டார்கள். நாற்பத்தெட்டு நாள் கணிப்புகளும் செல்லாது என்று அறிவித்தார்கள். அதைப் படித்துவிட்டு ஷாவ் கைக்குட்டையை எடுத்தார்.

"எங்க கணக்குல ஒரு நாளும் பிழை வந்ததில்ல. பொரியில வந்திருக்கு. இதுக்கு யாரு பொறுப்புன்னு தனியா விசாரிப்போம். விஞ்ஞானத்த இவ்வளவு அலட்சியமா வச்சிருக்கக் கூடாது."

புதுப் பொட்டலம் வந்தது. எல்லாரும் தலைகுனிந்தார்கள். சியூலுவான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள். பெட்டி முதலிலிருந்து கணக்குப் போட்டது. பெய்ஷான் திரையைப் பார்த்துப் படித்தாள்.

"பதினேழாம் எண்... தடை ஏதும் இல்ல. உடல்நிலை சரி. இன்னும் நாலு வருஷம்."

பிங்ஹுவாங் நேராகத் தூணடிக்கு நடந்தான். அன்று வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்த தோங்கின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். தோங் வாசலிலேயே நின்று ஷாவைப் பார்த்தார். "பிழைச்சுட்டேனா சார்?" என்றார். மதிப்பெண்ணும் ஏறியிருந்தது: தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. சந்தையிலேயே முதலிடம். சியூலுவான் ஏழு பேருக்கும் அடை சுடச் சொன்னாள்.

பெய்ஷான் மட்டும் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார். ஜனவரி ஒண்ணு."

ஷாவ் குனிந்து பார்த்தார். ஜனவரி ஒன்றில் வருவோர் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருந்தது. இரண்டிலும் பூஜ்யம். அடுத்து எல்லாமே பூஜ்யம்.

"பூஜ்யமா? ஏன்?" என்றாள் சியூலுவான்.

"உங்க அனுமதி முப்பத்தொண்ணாம் தேதியோட முடியுதே. அது பெட்டிக்குத் தெரியும்," என்றாள் பெய்ஷான்.

"அதான் மதிப்பெண் வந்துடுச்சே. புதுப்பிச்சுடுங்க."

ஷாவ் அவளைப் பரிவோடு பார்த்தார். "பூஜ்யம்னு கணிச்ச கடைக்கு எப்படிம்மா அனுமதி குடுக்க முடியும்? குடுத்தா ஜனவரியில யாராவது சாப்பிட வந்துடுவாங்க. விலகல் ஆயிடும்."

"அனுமதி குடுத்தா அது கணிப்ப மாத்திக்குமே."

"அனுமதி குடுக்கணும்னா முதல்ல கணிப்பு மாறணும்."

"அனுமதி இல்லாம எப்படி சார் மாறும்?"

ஷாவ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த அறையில் மிக மகிழ்ச்சியாக இருந்தவர் அவர்தான் என்று பிறகு பெய்ஷான் சொன்னாள்.

"பாத்தீங்களா? எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் விடை ஒண்ணா வருது. இத்தனை வருஷ சேவையில இவ்வளவு பிசகில்லாத ஒரு கணிப்ப நான் பாத்ததில்ல."

கல்லில் ஏழு அடை வெந்துகொண்டிருந்தது. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சியூலுவான் மூன்று மனு எழுதினாள். மூன்றும் நிலையத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டன. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு, மாநகராட்சி மண்டபத்தில், விலகல் இல்லாத கடை என்ற விருதை அவளுக்குக் கொடுத்தார்கள். ஷாவ் பேசினார். மேடையிலிருந்து இறங்கும்போது, சான்றிதழோடு சேர்த்துப் புதிய பச்சைப் பொட்டலம் ஒன்றையும் இரண்டு கையாலும் அவள் கையில் வைத்துத் தலைகுனிந்தார். அவளும் குனிந்தாள்.

கடை மறுநாள் திறக்கவில்லை. சியூலுவானும் பிங்ஹுவாங்கும் மலைப்பக்கம் நான்காம் மாடியில் குடியிருக்கிறார்கள். அவன் இன்னும் விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அவள் அடுத்த தெரு மழலையர் பள்ளியில் பாத்திரம் கழுவுகிறாள். அங்கே யாரையும் எப்படியும் கூப்பிடுவதில்லை. பெய்ஷான் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே தன் அம்மாவிடம் போய்விட்டாள். ஷாவ் பதவி உயர்ந்து, இப்போது முதியோர் இல்லங்களின் கணிப்பைப் பார்த்துக்கொள்கிறார். பட்டியல்கள் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பெட்டியைக் கழற்ற யாரும் உத்தரவு போடவில்லை. இழுத்துச் சாத்திய கதவுக்குப் பின்னால், ஒவ்வொரு நாளும் பூஜ்யம் என்று கணிக்கிறது. பூஜ்யமே வருகிறது. அதன் மதிப்பெண் நூறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஊழியர் வந்து பொட்டலத்தை மாற்றிவிட்டுப் போகிறார்.

தோங்குக்கு எண்பத்தொன்று ஆகிறது. காலை ஆறு பத்துக்கு மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் வந்து ஒரு மணி நேரம் நிற்கிறார். வாரத்தில் இரண்டு நாள் பிங்ஹுவாங்கும் பேருந்து பிடித்து வந்து அவர் பக்கத்தில் நிற்கிறான்.